மெமரி இன்னும் வரவில்லை

சனிக்கிழமை மூன்று மணி என்றால் ரோஸிக்கு ஓலை நேரம். மறுநாள் பூசையில் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்புகளை அடித்து, சாமியார் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாரின் மகனும் இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாரின் மகளும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும், இது முதல் ஓலை. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை, அதற்கடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. மூன்றும் வாசித்தாகிவிட்டால் கல்யாணம்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷத்திலிருந்து அந்தக் கோயிலில் ஓலை அடித்தவள் ரோஸி. முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும்போது வெள்ளைக் கவுனில் பார்த்த சிறுமிகளுக்கெல்லாம்கூட அடித்தாகிவிட்டது. அவளுக்கு அடிக்கத்தான் ஆள் இல்லை. பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது எவளாவது ஒருத்தி, "உன் ஓலைய எப்ப ரோஸி கேக்கப் போறோம்?" என்பாள். பாசத்தில் கேட்கிறார்களாம். பாசம் இருக்கிறவர்கள் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டல்லவா கேட்க வேண்டும்.

அவள் அப்பா இக்னேஷியஸ் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். ரோஸி வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். இந்தப் பக்கத்து வீடு திருநெல்வேலி, அந்தப் பக்கத்து வீடு வேலூர், எதிர்வீடு கோயம்புத்தூர். அதனால் அவள் பேச்சில் எந்த ஊரும் ஒட்டவில்லை. அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். இரண்டே வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். தங்கை ஞானகுமாரியைக் கேட்டு ஒரு நல்ல இடம் வந்தது. வீடு தேடி வந்ததை விடக்கூடாது என்று அக்காவை நிறுத்தி வைத்துவிட்டுத் தங்கைக்கு முடித்தார்கள். அப்புறம் அம்மா தெரசாவுக்கு மூட்டுவலி, ரோஸிக்குக் கோயில் ஆபீஸ் டைப்ரைட்டர். வருஷம் போனதே தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். ரோஸிக்கு ஒவ்வொரு வருஷமும் தெரிந்துதான் போனது.

தொண்ணூற்று மூன்றில் டைப்ரைட்டரைப் பீரோமேல் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடப்போன ஒரு கம்பெனி முதலாளி கோயிலுக்குத் தானமாகக் கொடுத்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் அந்த மாட்டுக்குப் பல்லே இல்லை. நான்கு எம்.பி. மெமரி. ஒரு பக்கம் அடித்தால் அடிக்கும், இன்னொன்றைத் திறந்தால் மூச்சு வாங்கும், மூன்றாவதைத் திறந்தால் திரையில் மணற்கடிகாரம் வந்து அப்படியே நின்றுவிடும். ஹேங் ஆகிவிட்டது என்பார்கள். அதைச் சரிபார்க்க எஸ்டேட்டில் மாடி அறையொன்றில் இருந்த சர்வீஸ் கம்பெனியிலிருந்து பாஸ்கல் வந்தார்.

பாஸ்கல் குமணன்சாவடிக்காரர். நாற்பதை நெருங்குகிற வயசு. முதல் நாள் ஆபீஸ் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். "இது கோயில் இல்ல சார், ஆபீஸ்தான்" என்றாள் ரோஸி. "எல்லாம் ஒரே காம்பவுண்டுதானே மேடம்" என்று வெறுங்காலோடு வந்தார். ஆபீஸில் இரண்டே நாற்காலி. ஒன்று ரோஸியுடையது. இன்னொன்றில் தம்முடைய ரெக்ஸின் பையை வைத்துவிட்டு, அவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே சீப்புபோல ஒரு சின்னப் பச்சை அட்டை, அதுதான் மெமரி. இரண்டு பக்கக் கொக்கியையும் விரலால் விலக்கிச் சாய்த்ததும் கையோடு வந்தது.

"ரப்பர் எதனா கீதா மேடம்? பென்சில் அழிக்கிற ரப்பர்."

கொடுத்தாள். அட்டையின் ஓரத்துத் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டினார். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவதுபோல் அத்தனை பொறுமை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் ரோஸி வழியில் கடையில் நின்று ஒரு புது ரப்பர் வாங்கிக்கொண்டு போனாள். மேசை டிராயரில் அது அவருக்கென்றே கிடந்தது. வேறு யாருக்கும் அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவர் மனைவியை இழந்தவர் என்பதைச் சாமியார் செபாஸ்டியன்தான் ஒரு கல்லறைத் திருநாளன்று பேச்சுவாக்கில் சொன்னார். "பாவம், நாலு வருஷந்தான் குடும்பம் நடத்தினாராம். பிள்ளை குட்டி இல்ல." அன்று முழுக்க ரோஸிக்கு வேலை ஓடவில்லை. துக்கமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வேறு ஏதாவதுதான். அவர் வர வேண்டும், அடிக்கடி வர வேண்டும், வந்தால் சீக்கிரம் போகக் கூடாது. இதுதான் அவள் மனசில் இருந்தது. ஊமை கண்ட கனவை யாரிடம் சொல்வது?

வந்தால் என்ன பேசுவார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஃபிளாப்பி டிரைவ் பேசுவார்கள். ஒருமுறை புது டிரைவ் மாட்டியபோது அதன்மேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மாதம், பக்கத்தில் வருஷம், இரண்டிலும் பேனா டிக்.

"கடைக்காரன் நம்ம கைல குடுக்கிற அன்னிக்கு டிக் போட்டுக் குடுப்பான் மேடம். ஒரு வருசத்துக்குள்ள கெட்டுப் பூட்டா மாத்திக் குடுக்கணும். ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போச்சு." இதைக்கூட அவள் ஏதோ கடிதத்தைப் படிக்கக் கேட்பதுபோல் கேட்டாள்.

அப்புறம்தான் அந்தத் திருட்டுத்தனத்தை அவள் கற்றுக்கொண்டாள். ஓலைக் கடிதம், பங்குச் செய்தி மடல், மாதாவின் படம் போட்ட திருவிழா நோட்டீஸ், மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்துப் பிரிண்ட் கொடுத்தால் கம்ப்யூட்டர் கட்டாயம் நின்றுவிடும். சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கொடுத்தால் பன்னிரண்டரைக்குள் பாஸ்கல் வந்துவிடுவார். மாதத்துக்கு ஒருமுறை என்று ஆரம்பித்தது, போகப்போக இரண்டு முறை ஆயிற்று. அவருக்காக அம்மா சுட்ட அச்சுமுறுக்கை டப்பாவில் போட்டு எடுத்துவந்து, "வீட்ல மீந்துபோச்சு சார்" என்பாள். மாதா படத்தை வைத்து மிஷினை மடக்கியது அவளுக்குத்தான் உறுத்தியது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்றால் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது செபாஸ்டியன் சாமியார். மிஷின் நிற்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிற அதே மனுஷர். ரயிலேறி ஆவடிக் கோயிலுக்குப் போய்ச் சொன்னாள். அங்கிருந்த சாமியாருக்குக் கம்ப்யூட்டரும் புரியவில்லை, பாவம் எது என்றும் புரியவில்லை. ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மூன்றையும் திறந்தாள்.

தொண்ணூற்றைந்து ஆகஸ்டில் சாமியாருக்குப் பொறுமை போனது. "இதுக்கு மெமரி சேத்தா நிக்காதுன்னு சொல்றாங்களே, போடுங்க" என்று ஆர்டர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தை அடித்ததும் ரோஸிதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

ஆனால் மாதா கைவிடவில்லை. அப்படித்தான் ரோஸி நினைத்தாள். மெமரி வரவே இல்லை. அக்டோபரில் கேட்டால், "ஸ்டாக் இன்னும் வர்ல ஃபாதர்" என்றார் பாஸ்கல். டிசம்பரில், "பண்டிகை டைம் ஃபாதர், மெட்ராஸ் ஃபுல்லா தேடிட்டேன்." ஜனவரியில், "பொங்கல் கயிச்சு வந்துரும்." தவக்காலத்தில், "வந்துகினே கீதாம்." இதற்குள் சாமியார் பூந்தமல்லிப் பள்ளிக்கூடம் ஒன்றில் விண்டோஸ் தொண்ணூற்றைந்தைப் பார்த்துவிட்டு வந்து, அதுவும் வேண்டும் என்றார். "மெமரி வரட்டும் ஃபாதர், ரெண்டையும் ஒண்ணா பண்ணிக்கலாம்" என்று அதையும் சேர்த்துத் தள்ளிப்போட்டார் பாஸ்கல். அவர் பேசும்போதெல்லாம் ரெக்ஸின் பை நாற்காலியில் தேமே என்று உட்கார்ந்திருக்கும். ரோஸி தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் ஒரு மாதம் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள்.

மே மாதம் புதுநன்மைப் பூசைக்கு அடிக்க வேண்டிய பாட்டுத் தாள் பாதியில் நின்றது. அன்று ரோஸி ஒன்றுமே செய்யவில்லை, மிஷின் தானாகவே நின்றது. பெற்றோர்கள் முன்னால் சாமியாருக்கு அவமானம். "ரிச்சி தெருவுல குவிச்சுவச்சு விக்கிறானாமே. உங்களால முடியலன்னா சொல்லுங்க, நான் வேற ஆளப் பாக்கிறேன்" என்று பாஸ்கலிடம் கறாராகச் சொன்னார். பாஸ்கல் நாற்காலியில் இருந்த பையைப் பார்த்தார். "அடுத்த வாரம் எடுத்தாறேன் ஃபாதர்" என்றார்.

சொன்னபடி ஜூன் முதல் சனிக்கிழமை காலை வந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளிக் கவரை எடுத்தார், அதிலிருந்து மெமரியை எடுத்தார். வழக்கம்போல் ரப்பர் கேட்டார். புதுசுக்கு எதற்கு ரப்பர் என்று அவளும் கேட்கவில்லை. பழைய அட்டைக்குப் பக்கத்தில் அது டக்கென்று உட்கார்ந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் மூலையில் எண்கள் ஏறின. எப்போதும் நாலாயிரத்துச் சொச்சத்தில் நிற்கும். அன்றைக்கு நிற்காமல் ஏறிப் பன்னிரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டில் போய் நின்றது.

அப்புறம் விண்டோஸ். பதின்மூன்று ஃபிளாப்பி. திரை ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, ரோஸி எடுத்துக் கொடுக்க, பாஸ்கல் போட்டார். சிலுவைப் பாதைக்குப் பதினான்கு ஸ்தலம், இதில் ஒன்று குறைவு. ஒவ்வொன்றும் கரகரவென்று ஓடி முடியப் பத்து நிமிஷம். இருவரும் திரையில் நீளும் நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டையில் சன்லைட் சோப்பு வாசனை வந்தது. ஏழாவது ஃபிளாப்பி தகராறு செய்தபோது அது கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ரோஸிக்குத் தோன்றியது. இரண்டாம் முறை போட்டதும் படித்துவிட்டது. பதின்மூன்றாவதைக் கையில் எடுத்தவள் உடனே கொடுக்கவில்லை. அவரும் கையை நீட்டிக்கொண்டு அவசரப்படுத்தாமல் இருந்தார்.

"தமிழ் எயுத்து வருதான்னு பாக்கணும் மேடம். எதனா அடிங்க."

விரல் பழக்கம், ஓலைதான் வந்தது. இன்ன பங்கைச் சேர்ந்த என்று ஆரம்பித்துப் பெயர் வரும் இடங்களில் புள்ளி வைத்து, இது முதல் ஓலை என்று முடித்தாள். பிரிண்ட் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. பாஸ்கல் தாளை எடுத்து வெகுநேரம் படித்தார்.

"பேரு போடலியே மேடம்."

"டெஸ்ட்டுக்குத்தானே சார்."

"ஆமாமா. டெஸ்ட்டுதான்." தாளை மேசைமேல் வைத்தார். பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்புக்குள் காலை நுழைத்தபடி, "இனிமே ஹேங் ஆவாது மேடம்" என்றார். அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"நல்லது சார்" என்றாள் ரோஸி. வேறு என்ன சொல்ல? இரண்டு பேருக்கும் வாய் இருந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது தெரியாத வயசும் இல்லை. அவர் கேட் வரை போய் ஒருமுறை நின்றார். அப்புறம் போய்விட்டார்.

ஹேங் ஆகவில்லை. ஜூலையில் ஆகவில்லை, மாதா திருவிழாவுக்கு ஆயிரம் நோட்டீஸ் அடித்தும் ஆகவில்லை. ரோஸி மூன்றையும் திறந்தாள். நான்கு, ஐந்து, ஏழு என்று திறந்தாள். பாழாய்ப்போன மிஷின் அத்தனையையும் விழுங்கிவிட்டு இன்னும் கொடு என்று இருந்தது. சாமியார் பூரித்துப்போனார். "பாத்தியா, ஒரு மெமரி போட்டதுக்கு எவ்ளோ வித்தியாசம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சனிக்கிழமைகளில் ரோஸிக்குக் காது வாசலிலேயே இருந்தது. கேட் சத்தம் கேட்டால் தலை தானாக நிமிரும். வருகிறவர்கள் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்க வந்தவர்களாக இருப்பார்கள். அம்மா தெரசா ஒருநாள், "இப்பல்லாம் முறுக்கு மீந்தே போகுதேடி" என்றாள். ரோஸி குளிக்கப் போனாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை. சாமியார் குத்தம்பாக்கம் பக்கம் வீடு மந்திரிக்கப் போயிருந்தார். ரோஸி டைப்ரைட்டருக்கென்று வைத்திருந்த ஸ்குரு டிரைவரை எடுத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். புது மெமரியைக் கழற்றி ஒளித்துவிட்டால் மிஷின் பழையபடி திணறும். திணறினால் போன் செய்யலாம். முப்பத்தாறு வயசில் செய்கிற காரியமா இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. அவர் செய்ததுபோலவே கொக்கிகளை விலக்கிச் சாய்த்தாள். வந்துவிட்டது.

அட்டையின் முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர். வருஷம் தொண்ணூற்றைந்தில் டிக். மாதம் ஒன்பதில் டிக்.

முதலில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கடைக்காரன் கையில் கொடுக்கிற அன்றைக்கு டிக் போடுவான். செப்டம்பர் தொண்ணூற்றைந்து. மாட்டியது இந்த வருஷம் ஜூன். ஸ்டாக் வரவில்லை என்ற அக்டோபரில் இது அவர் கையில் இருந்திருக்கிறது. பண்டிகை நேரத்தில், பொங்கலில், தவக்காலத்தில், அவர் சாமியார் முகத்தைப் பார்த்துப் புளுகியபோதெல்லாம் அந்த நாற்காலியில், அந்த ரெக்ஸின் பைக்குள், வெள்ளிக் கவரில் இருந்திருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறோம். இந்த மனுஷர் ஒன்பது மாதம் வெண்ணெயை ஒளித்துவைத்துக்கொண்டு, நெய்யே கிடைக்கவில்லை என்று மெட்ராஸ் முழுக்கத் தேடியதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார். ரோஸிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்து ஸ்டிக்கர் தெரியாமல் போனது. அவள் மட்டும் இல்லை. இத்தனை நாளும் அவள் மட்டும் இல்லை.

டிராயரிலிருந்து ரப்பரை எடுத்தாள். தங்கப் பற்களை மெதுவாகத் தேய்த்து, வாயால் ஊதி, மெமரியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். எண்கள் ஏறிப் பன்னிரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டில் நின்றன. எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகுதான் போனை எடுத்தாள்.

சர்வீஸ் கம்பெனியில் முதலாளி கஜபதி எடுத்தார். முதலாளி, பாஸ்கல், ஒரு போன், ஒரு கம்ப்ளெயிண்ட் நோட்டு, கம்பெனி அவ்வளவுதான்.

"சர்ச் ஆபீஸா? சொல்லும்மா. இன்னா கம்ப்ளெயிண்ட்டு?"

"கம்ப்ளெயிண்ட் ஒண்ணும் இல்ல சார்."

"பின்ன?"

"மிஷின் நல்லா இருக்கு. பாஸ்கல் சார வரச் சொல்லணும்."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நோட்ல இன்னான்னு எயுதிக்கட்டும்மா?"

"அப்படியே எழுதுங்க சார். மிஷின் நல்லா இருக்கு, வரச் சொன்னாங்கன்னு."

"எயுதிக்கினேன்" என்றார் கஜபதி. "இந்த நோட்ல இப்பத்தாம்மா நல்ல சேதி எயுதறேன்."

முக்கால் மணி நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. ரோஸி தலையை நிமிர்த்தவில்லை, நிமிர்த்த பயமாக இருந்தது. வாசலில் செருப்பு கழற்றும் ஓசை. நிமிர்ந்தபோது பாஸ்கல் நிலைப்படியில் நின்றிருந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றிருந்தார். தோளில் பை இல்லை.

"பை எங்க சார்?"

"ரிப்பேர் ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களாமே மேடம். கஜபதி அண்ணன் பைய வாங்கி உள்ள வச்சிட்டாரு."

"செப்டம்பர்லயே வாங்கிட்டீங்க" என்றாள் ரோஸி.

அவர் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த ஸ்குரு டிரைவரைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. "ஸ்டிக்கர் பாத்துட்டீங்களா?"

"கிழிச்சிருக்கலாமே."

"கிழிச்சா வாரண்டி பூடும் மேடம்."

இந்த மனுஷரை என்ன செய்வது என்றிருந்தது அவளுக்கு. "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "சனிக்கிழமையெல்லாம் அது தானா நிக்கல."

"தெரியும்" என்றார் பாஸ்கல். "வேலை செய்றவங்க யாரும் மாதா படத்தயும் கல்யாண ஓலையயும் ஒரே டைம்ல தொறக்க மாட்டாங்க. எனக்கு இது ரெண்டாந்தாரம். உங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுகினு கேக்கிறதுன்னு..."

ரோஸி எழுந்து போய் இன்னொரு நாற்காலியைத் தன் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள். சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

மூன்று வருஷமாகப் பை உட்கார்ந்த நாற்காலியில் அன்றைக்குத்தான் பாஸ்கல் உட்கார்ந்தார்.